எல்நாட் எழுதுவது எப்போது?

2025 ஆகஸ்ட் 3, ஞாயிறு, சுங்கை சிப்புட், மலேசியா

எல்நாட் தேர்வுக்கான பதிவு வெள்ளிக்கிழமை திறந்துவிட்டது. பிரிட்டனில் சில பல்கலைக்கழகங்கள் சட்டம் படிக்க வருவோரிடம் கேட்கும் இந்த நுழைவுத் தேர்வைச் செப்டம்பர் 1 முதல் எழுதலாம். ஆனால் ஒரு சேர்க்கைப் பருவத்தில் ஒருவர் ஒரு முறைக்கு மேல் எழுத முடியாது. செம்பனைக் காட்டிலிருந்து வந்து பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்த அப்பா, "பள்ளிக்கூடத்துல எழுதின எஸ்.பி.எம். மாதிரி திரும்ப உக்கார முடியாதாம்மா?" என்றார். கட்டணம் 120 பவுண்டு, அறுநூறு வெள்ளியை (ரிங்கிட்டை) தாண்டும் என்றேன். அதற்கு அவர் ஒன்றும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

முதல் முறையாகக் கடிகாரம் வைத்து முழு மாதிரித் தேர்வு எழுதினேன். முதல் பகுதியில் 12 பத்திகள், 42 கேள்விகள், 95 நிமிடங்கள். அதாவது ஒரு பத்திக்கு எட்டு நிமிடம்கூட இல்லை. நான் பதினோரு நிமிடம் எடுத்துக்கொண்டதால் ஒன்பதாவது பத்தியோடு நேரம் முடிந்தது. தவறான விடைக்கு மதிப்பெண் கழிக்கமாட்டார்கள் என்பது தெரிந்திருந்தும், மீதிக் கேள்விகளுக்குக் குத்துமதிப்பாகக்கூடக் குறிக்காமல் விட்டது வெறும் முட்டாள்தனம்.

வேகத்தைவிடப் பெரிய குறை வேறொன்று. குறைந்தபட்சச் சம்பளத்தைப் பற்றிய பத்தி ஒன்றில், கட்டுரையாளர் சொல்லாமலே எதை ஏற்றுக்கொண்டு வாதிடுகிறார் என்று கேட்டிருந்தார்கள். இங்கே பிப்ரவரியில் அது 1,700 ரிங்கிட்டாக உயர்ந்ததும், அப்பாவின் சம்பளச் சீட்டில் நான் பார்த்த எண்களும் மனத்தில் ஓட, உலகத்தில் உண்மையான, ஆனால் பத்தியில் இல்லாத விடையைக் குறித்துவிட்டேன். இப்படி ஏழு கேள்விகளைக் கோட்டைவிட்டிருக்கிறேன்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

ஆக்ஸ்ஃபர்டு, கேம்பிரிட்ஜ் இரண்டில் ஒன்றுக்கு விண்ணப்பிப்பதானால் செப்டம்பர் 15க்குள் பதிந்து, அக்டோபர் 15க்குள் எழுதிவிட வேண்டும். என் பட்டியலில் உள்ள மற்றவற்றுக்கு ஆண்டு முடிவதற்குள் எழுதினால் போதும். முன்கூட்டி எழுதினால் மதிப்பெண்ணைப் பார்த்துப் பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தெடுக்கலாம் என்று நான் எண்ணியிருந்தது தவறு. மதிப்பெண் நம் கைக்குப் பிப்ரவரியில்தான் வரும், விண்ணப்பமோ அதற்கு முன்பே போய்விடும். ஆகவே அவசரப்படுவதற்கு அந்த இரண்டு பெயர்களைத் தவிர வேறு காரணமே இல்லை.

நான் கிராணியாக (எழுத்தராக) வேலை செய்யும் அலுவலகத்தில் மேடத்திடம் இதைச் சொன்னபோது, எந்தப் பல்கலைக்கழகமானாலும், அங்கேயே பாரிஸ்டர் ஆகாமல் பட்டத்தோடு திரும்பினால் இங்கே வழக்கறிஞர் ஆவதற்கான சி.எல்.பி. தேர்வை எழுதியாக வேண்டும் என்பதை நினைவுபடுத்தினார். உதவித்தொகை கிடைக்காவிட்டால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை என்பதை நான் நினைவுபடுத்தவில்லை.

செப்டம்பர் 9, செவ்வாய்

மாதிரித் தேர்வில் 42க்கு 24. கட்டுரைப் பகுதியில் மூன்று தலைப்புகளில் ஒன்றை எடுத்து 40 நிமிடங்களில் எழுத வேண்டும். எனக்குத் தலைப்பைத் தேர்ந்தெடுக்கவே பத்து நிமிடம் ஆகிறது. கட்டுரைக்குத் தேர்வு நடத்துபவர்கள் மதிப்பெண் போடுவதில்லை, அப்படியே பல்கலைக்கழகத்துக்கு அனுப்பிவிடுகிறார்கள்.

செப்டம்பர் 14, ஞாயிறு

நாளைய கெடுவை விட்டுவிடுகிறேன். ஆசை இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் பத்திக்கு ஒன்பது நிமிடம் எடுக்கும் நான், இருக்கும் ஒரே வாய்ப்பை அந்தப் பெயருக்காக அக்டோபரிலேயே செலவழிக்க விரும்பவில்லை. தீபாவளி அக்டோபர் 20; அது கழிந்தபின் ஆறு வாரம் முழுதாகக் கிடைக்கும். கோலாலம்பூர் மையத்தில் டிசம்பர் 4, வியாழக்கிழமைக்குப் பதிந்து, பணத்தையும் கட்டிவிட்டேன்.

துணைக்கு வருவதாக அப்பா சொல்கிறார். அன்றைக்கே அதிகாலை ரயிலைப் பிடிப்பதா, முதல் நாளே போய்ச் செந்தூலில் சித்தி வீட்டில் தங்குவதா என்பதில்தான் அவருக்கும் அம்மாவுக்கும் இன்னும் வழக்கு நடக்கிறது.