வெயிலில் காயட்டும் அந்தத் துணி

நாப்கின் கொடுத்துவிட்டால் கிராமங்களில் மாதவிடாய்ப் பிரச்சினை தீர்ந்துவிடும் என்று நினைக்கிறவர்கள் நிறையப் பேர். கொடுக்கட்டும், கட்டாயம் கொடுக்க வேண்டும். ஆனால் அதை எங்கே போய் மாற்றுவது, மாற்றியதை எங்கே போடுவது, சந்தேகம் வந்தால் யாரிடம் கேட்பது என்று எதுவும் தெரியாத 12 வயதுப் பெண்ணுக்கு அது பாதி உதவிதான்.

துணியையே எடுத்துக்கொள்வோம். துணி என்றாலே அசுத்தம் என்று இப்போது ஒரு பேச்சு ஓடுகிறது, அது சரியில்லை. சுத்தமான பருத்தித் துணியை சோப்புப் போட்டு அலசி, நல்ல வெயிலில் முழுசாகக் காயவைத்து, சில மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றிக்கொண்டால் அது பாதுகாப்பான வழிதான். யார் கண்ணிலும் படக்கூடாது என்று கட்டிலுக்கு அடியிலும், வேறு துணிகளுக்குக் கீழேயும், கூரை இடுக்கிலும் காயப்போடும்போதுதான் வினை வருகிறது. ஈரம் போகாத துணியால் அரிப்பு வரும், புண் வரும், தொற்று வரலாம், அப்புறம் அதையும் வெளியே சொல்ல வெட்கப்பட்டு மாதக்கணக்கில் பொறுத்துக்கொள்வார்கள். ஒரு கொடிக்கயிறும் வெயிலும் போதும் என்கிற இடத்தில், தீட்டு என்று சொல்லிச் சொல்லி வளர்த்த பயம் ஒரு பெண்ணை நோயாளியாக்கிவிடுகிறது என்பதை நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

படிக்காதவர்கள்தான் இப்படி நம்புகிறார்கள் என்று சொல்லிவிடவும் முடியாது. 1920-ல் வியன்னாவில் பேலா ஷிக் என்ற பெரிய மருத்துவர், மாதவிடாயில் இருந்த பெண் தொட்ட பூக்கள் வாடியதைப் பார்த்து, அந்த நாட்களில் பெண் உடம்பில் ஒரு நஞ்சு உண்டாகிறது என்றே எழுதினார். அப்படி ஒரு நஞ்சு கிடையாது. கரு தங்கினால் வேண்டும் என்று கருப்பை தனக்குள் வளர்த்து வைத்த சவ்வு, கரு தங்காதபோது ரத்தத்தோடு வெளியேறுகிறது, அவ்வளவுதான்.

இதை முதல் மாதவிடாய்க்கு முன்பே, 9, 10 வயதிலேயே சொல்லிவிட வேண்டும். வந்த பிறகு சொல்லலாம் என்று விட்டால், ரத்தத்தைப் பார்த்ததும் தனக்கு ஏதோ பெரிய வியாதி வந்துவிட்டது, செத்துப்போய்விடுவோம் என்று அந்தக் குழந்தை தனியாக அழுதிருக்கும். அதோடு எது இயல்பு, எது இல்லை என்பதையும் சொல்லித்தர வேண்டும். பெரியவர்களுக்கு 24 முதல் 38 நாட்களுக்கு ஒருமுறை வருவது இயல்பு, 8 நாள் வரை போவதும் இயல்பு. வயசுக்கு வந்த முதல் ஓரிரண்டு வருடம் முன்னே பின்னே ஆகும். ஆனால் மணிக்கு ஒரு நாப்கின் நனைகிறது என்றாலோ, எழுந்து நடமாட முடியாத வலி என்றாலோ மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும். அதிகமாக ரத்தம் போய் ரத்தசோகையாகி எப்போதும் சோர்ந்து கிடக்கும் பெண்ணை சோம்பேறி என்று திட்டுவார்கள். உலக அளவில், குழந்தை பெறும் வயதில் இருக்கும் பெண்களில் சுமார் 10 சதவீதம் பேருக்கு எண்டோமெட்ரியோசிஸ் இருக்கிறது, அதாவது கருப்பையின் உள்சவ்வு போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளர்ந்து கடும் வலி தரக்கூடிய நோய், அதில் எத்தனை பேர் ‘பொம்பளைன்னா வலி இருக்கத்தான் செய்யும்’ என்ற ஒரே பதிலோடு வருடக்கணக்கில் தள்ளியிருப்பார்கள்!

சட்டம் போட்டால் மாறிவிடுமா என்றால், நேபாளத்தைப் பாருங்கள். மாதவிடாயில் இருக்கும் பெண்ணைத் தனிக் குடிசையில் ஒதுக்கும் சௌபடி பழக்கத்தை அங்கே உச்ச நீதிமன்றம் 2005-லேயே தடை செய்தது. 2017-ல் நாடாளுமன்றம் அதைக் குற்றமாக்கி, 3 மாதம் சிறை அல்லது 3,000 நேபாள ரூபாய் அபராதம் என்று சட்டம் கொண்டுவந்தது. அதற்குப் பிறகும் அந்தக் குடிசைகளில் பெண்கள் இறந்தார்கள். சட்டம் வேண்டும்தான், ஆனால் வீட்டுக்குள் இருக்கும் மாமியாரும் கணவனும் மாறாமல் அது காகிதத்திலேயே நிற்கும்.

அதனால்தான் பையன்களை வெளியே அனுப்பிவிட்டு இந்தப் பாடத்தை நடத்துவது எனக்குப் பிடிக்கவே இல்லை. கூடப் படிக்கிறவளின் பாவாடையில் கறையைப் பார்த்துச் சிரிக்கிறவனும் அவன்தான், நாளைக்கு ஊர்ப் பணத்தில் பள்ளிக் கழிப்பறைக்குத் தாழ்ப்பாளும் தண்ணீரும் மூடி போட்ட குப்பைக்கூடையும் வேண்டுமா வேண்டாமா என்று முடிவு செய்யப்போகிறவனும் பெரும்பாலும் அவன்தான். அவனையும் அதே வகுப்பில் உட்காரவைத்து, அதே பாடத்தை நடத்துங்கள்.