பிரீஎக்ளாம்ப்சியாவோடு ஒரு பிரசவம்: டர்பன் அனுபவம்

பிரீஎக்ளாம்ப்சியா என்பது கர்ப்பத்தின் பிற்பாதியில் ரத்த அழுத்தம் ஏறி, சிறுநீரகம், கல்லீரல், மூளை போன்ற உறுப்புகளையும் பாதிக்கக்கூடிய நோய். கர்ப்பம் உறுதியானதும் டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில் எங்கள் வட்டாரக் கிளினிக்குக்குப் பதிவு செய்யப் போனேன். தென்னாப்பிரிக்க அரசு மருத்துவமனைகளில் 1994 முதல் கர்ப்பிணிகளுக்குக் கட்டணம் கிடையாது. முதல் நாளே ஒரு கர்ப்பக் குறிப்பேட்டைக் கையில் கொடுத்துவிடுவார்கள். எங்கே போனாலும் அதை எடுத்துப் போக வேண்டும். அதை நிரப்ப சிஸ்டர் கேட்கும் கேள்விகளுக்குப் பலரும் ஏனோதானோவென்று பதில் சொல்வதைப் பார்த்திருக்கிறேன். பின்னால் எனக்குக் கிடைத்த சிகிச்சை அத்தனையும் அந்தப் பதில்களில்தான் தொடங்கியது.

வயது என்ன, முதல் பிரசவமா, இரட்டைக் குழந்தையா, ரத்த அழுத்தம், சர்க்கரை, சிறுநீரகக் கோளாறு, லூபஸ் (உடலின் எதிர்ப்புச் சக்தி உடலையே தாக்கும் நோய்) ஏதேனும் உண்டா, எடை எவ்வளவு, அம்மாவுக்கோ அக்கா தங்கைக்கோ கர்ப்பத்தில் அழுத்தம் கூடியதா என்று கேட்டார். எனக்கு 38 வயது, முதல் கர்ப்பம். அன்று மாலை திருநெல்வேலியில் இருக்கும் அம்மாவுக்குப் போன் செய்தேன். "உன்னைப் பெறும்போது எனக்கு வலிப்பு வந்ததடி. அதை எதற்கு இப்போது வெளியே சொல்ல வேண்டும்?" என்றார். மாமியாரும், "நம் பெண்ணுக்குக் குறை என்று எழுதிவிடுவார்களேம்மா" என்று தயங்கினார். அடுத்த முறை போனபோது நான் அதைச் சொல்லி எழுத வைத்தேன். உடனே பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். 16 வாரம் ஆவதற்குள் குறைந்த அளவு ஆஸ்பிரினும் கால்சியமும் தொடங்கிவிட்டன. ஆஸ்பிரின் பிரீஎக்ளாம்ப்சியாவை முற்றிலும் தடுக்காது. மாதம் நிறையும் முன்பே வருகிற கடுமையான வகைக்கான வாய்ப்பைக் குறைக்கும்.

எனக்கு அந்த நோய் வரத்தான் செய்தது. புரட்டாசி விரத நாட்களில் வீட்டுக்கு வந்த உறவினர்கள் என் முகவீக்கத்தைப் பார்த்து, "பிள்ளைத்தாய்ச்சிக்கு நீர் கோர்ப்பது வழக்கம்தானே" என்றார்கள். கால் வீக்கம் பலருக்கும் வரும் என்பது உண்மை. ஆனால் மாத்திரைக்கு அடங்காத தலைவலியும், கண்ணில் மின்னலும், வலது விலாவுக்குக் கீழே வலியும் சேர்ந்தால் ஒரு மணி நேரம்கூட வீட்டில் காத்திருக்கக் கூடாது. மருத்துவமனையில் அளந்தபோது அழுத்தம் 160/110-ஐத் தாண்டியிருந்தது. சிறுநீரில் புரதமும் இருந்தது.

யாருக்குச் சிக்கல் முற்றும் என்பதை எப்படிக் கணிக்கிறீர்கள் என்று மருத்துவரிடம் கேட்டேன். பொறுமையாக விளக்கினார். 34 வாரத்துக்கு முன் தொடங்குவது, ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் குறைவது, கல்லீரல், சிறுநீரக அளவுகள் ஏறுவது, மூச்சுத் திணறல், இவையெல்லாம் தாய்க்கு ஆபத்தின் அறிகுறிகள். வலிப்பு, மூளையில் ரத்தக்கசிவு, நஞ்சுக்கொடி முன்கூட்டியே பிரிவது வரை போகலாம். குழந்தைக்கு எத்தனை வாரம், எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்பதே முக்கியம்.

குழந்தையின் நுரையீரலுக்காக 24 மணி நேர இடைவெளியில் எனக்கு இரண்டு ஸ்டீராய்டு ஊசிகள் போட்டார்கள். வலிப்பைத் தடுக்க மெக்னீசியம் சல்பேட். அது ஏறும்போது உடம்பெல்லாம் தகிக்கும், பயந்துவிட வேண்டாம். அளவு மிஞ்சிவிடாமல் இருக்க முழங்காலைத் தட்டிப் பார்ப்பார்கள், சிறுநீரை அளப்பார்கள். 10,000-க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்து 2002-இல் வெளியான மேக்பை என்ற ஆய்வில், இந்த மருந்து வலிப்பு அபாயத்தைப் பாதிக்கு மேல் குறைத்தது.

32-ஆம் வாரத்தில் அறுவை சிகிச்சை. மகன் 1.4 கிலோ. மூச்சுக்கு உதவி தேவைப்பட்டது. பிறகு அவனை என் மார்போடு தோல் படக் கட்டிக்கொண்டு கங்காரு முறையில் வைத்திருந்தேன். அந்த வார்டில் இருந்த சூலு இனத் தாய்மார்கள் எனக்குத் துணி கட்டக் கற்றுக்கொடுத்ததை மறக்க மாட்டேன்.

பிள்ளை பிறந்துவிட்டால் நோய் தீர்ந்தது என்று நினைப்பதுதான் எனக்கு மிகவும் கவலை தருகிறது. பிரசவத்துக்குப் பிந்தைய நாட்களில் அழுத்தம் மறுபடி ஏறலாம், வலிப்பும் வரலாம். மாமியாரின் பத்தியச் சாப்பாட்டைச் சாப்பிட்டேன், மாத்திரையையும் விடவில்லை, கிளினிக்கில் அளந்துகொண்டே இருந்தேன்.

இந்த நோய் வந்த பெண்ணுக்குப் பிற்காலத்தில் உயர் ரத்த அழுத்தமும் இதயநோயும் வரும் வாய்ப்பு அதிகம் என்று அங்கேதான் அறிந்தேன். அம்மாவை வற்புறுத்தி ஊரில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பினேன். அவருக்கு அழுத்தம் மிக அதிகம். பல வருடங்களாக யாரும் அளந்து பார்த்ததில்லை. இப்போது தினமும் மாத்திரை சாப்பிடுகிறார்.