நாச்செஸ் நாட்குறிப்பு: மேட்டுக்கரையில் ஒரு பழைய ஊர்

மார்ச் 16, 2024, சனிக்கிழமை

மிசிசிப்பி மாநிலத்தின் தென்மேற்கு மூலையில், மிசிசிப்பி ஆற்றுக்கு ஏறத்தாழ 200 அடி உயரத்தில் மேட்டின்மேல் இருக்கிற நாச்செஸ் நகரத்துக்குக் குடிவந்தபின் நாங்கள் காணும் முதல் வசந்தம் இது. வீட்டிலிருந்தபடியே இணையவழி வேலை செய்பவர்கள் இங்கு வந்து வீடு வாங்கினால் 6,000 டாலர் வரை ஊக்கத்தொகை தருவதாக 2021இல் ஒரு திட்டம் அறிவிக்கப்பட்டது. அதைப் பற்றிப் படித்தபோதுதான் இப்படி ஓர் ஊர் இருப்பதே எனக்குத் தெரியவந்தது. நாங்கள் வாடகைக்கு வந்தவர்கள் என்பதால் அந்தப் பணம் எங்களுக்குக் கிடையாது.

வசந்தகால 'பில்கிரிமேஜ்' தொடங்கிவிட்டது. பொருளாதாரப் பெருமந்தத்தின் நடுவில், 1932இல், ஊர்த் தோட்டச் சங்கத்துப் பெண்கள் தங்கள் பழைய மாளிகைகளைக் கட்டணம் வாங்கிக்கொண்டு வெளியூர்க்காரர்களுக்குத் திறந்து காட்டத் தொடங்கிய வழக்கம் அது. அசேலியா பூத்துக் குலுங்குகிறது, சந்து மதில்களில் விஸ்டீரியாக் கொடி ஊதாச் சரங்களாகத் தொங்குகிறது, வெள்ளைத் தூண்கள் வைத்த வீட்டு வாசல்களில் பயணிகள் வரிசையாக நிற்கிறார்கள். வளையம் வைத்த அகலப் பாவாடை உடுத்தி வரவேற்கும் பழக்கத்தை மட்டும் என்னால் ரசிக்க முடியவில்லை. அந்த உடையின் காலம் யாருக்கு அழகான காலமாக இருந்தது என்ற கேள்வி வாசலிலேயே எழுந்துவிடுகிறது.

இத்தனை வீடுகள் எப்படித் தப்பின என்பதுதான் வந்த நாள்முதல் என்னைக் குடைந்த கேள்வி. ஆற்றின் இருகரைகளிலும் பருத்தி நிலம் வைத்திருந்த தோட்ட முதலாளிகள் மேட்டின்மேல் போட்டிபோட்டு வீடு கட்டினார்கள் என்பது கதையின் பாதிதான். வடக்கு மாநிலங்களும் தெற்கு மாநிலங்களும் மோதிய அமெரிக்க உள்நாட்டுப் போரில் எழுபது மைல் வடக்கே இருக்கும் விக்ஸ்பர்க் 47 நாள் முற்றுகையில் குண்டடிபட்டுச் சிதைந்தது. நாச்செஸோ 1862 மே மாதத்திலேயே வடக்குக் கடற்படையிடம் சரணடைந்துவிட்டது. பின்னர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காய்வண்டு வந்து பருத்தியை அழித்தபோது, பழைய வீட்டை இடித்துப் புதிதாகக் கட்ட யார் கையிலும் பணம் இருக்கவில்லை. 'இன்டர்ஸ்டேட்' எனப்படும் பெரும் விரைவுச்சாலை எதுவும் ஊரைத் தொடவும் இல்லை. ஆக, சரணடைந்ததும் பணம் வற்றியதும் சேர்ந்து காப்பாற்றிக் கொடுத்த ஊரைத்தான் நான் அழகு என்று வியந்துகொண்டிருக்கிறேன்.

ஏப்ரல் 7, ஞாயிற்றுக்கிழமை

மாலை ஆறு மணிக்குமேல் தெருவில் இருப்பவர்களில் பாதிப்பேர் வீட்டு முன்புறத் திண்ணையில்தான் இருக்கிறார்கள். நம் ஊர்த் திண்ணையைவிட இது அகலமானது, மரப்பலகை பாவியது, ஆடுநாற்காலி போட்டது. ஆனால் வழியில் போகிறவரைக் கூப்பிட்டு நிறுத்தி ஊர்க்கதை பேசுவதற்கான இடம் என்பதில் வேறுபாடில்லை. குளிரூட்டி வருவதற்கு முன்பு கட்டிய வீடுகள் என்பதால் கூரை பன்னிரண்டு, பதினான்கு அடி உயரத்தில் இருக்கிறது. சன்னல்கள் ஏறக்குறைய தரையிலிருந்தே தொடங்குகின்றன. வெயிலைச் சுவரிலேயே விழவிடாமல் தடுப்பதுதான் திண்ணைக் கூரையின் முதல் வேலை. அரட்டை அதற்குப் பிறகு வந்து சேர்ந்தது.

அடுத்த வீட்டு அம்மையார் எண்பதைத் தாண்டியவர். தெருவே அவரை 'மிஸ்' என்ற சொல்லோடு முதற்பெயரைச் சேர்த்துத்தான் அழைக்கிறது. நானும் அப்படியே அழைக்கிறேன். அறிமுகமான அன்று அவர் கேட்ட முதல் கேள்வி, "நீங்கள் எந்தச் சர்ச்சுக்குப் போகிறீர்கள்?" என்பது. நாங்கள் இந்துக்கள், எங்கள் கோயில் ஜாக்சன் நகரத்துக்கு அருகில், ஏறத்தாழ இரண்டு மணிநேரத் தொலைவில் இருக்கிறது என்றேன். சற்றும் தயங்காமல், "அவ்வளவு தூரம் போக முடியாத ஞாயிறுகளில் எங்களோடு வந்து உட்காருங்கள், பாட்டு நன்றாக இருக்கும்" என்றார். மதம் மாற்றப் பார்க்கிறார்களோ என்று என் மனைவி ஐயப்பட்டாள். ஈஸ்டருக்குப் போய்வந்த பிறகு, பாட்டு உண்மையிலேயே நன்றாகத்தான் இருந்தது என்று ஒப்புக்கொண்டாள்.

அஞ்சலகம், நூலகம், கறிகாய்க் கடை, ஆற்றங்கரைப் பூங்கா எல்லாம் நடக்கும் தூரத்தில் இருப்பது அமெரிக்காவில் அரிது. கார் இல்லாமல் ஒரு முழுநாளைக் கழிக்க முடிகிறது என்பதையே நான் இந்த ஊரின் முதல் கவர்ச்சியாகச் சொல்வேன். மாளிகைகள் எல்லாம் அதற்குப் பிறகுதான். நடந்து போகிறவனிடம் ஊர் பேசுகிறது, காரில் போகிறவனுக்குக் கையை மட்டும் அசைக்கிறது.

ஏப்ரல் 23, செவ்வாய்க்கிழமை

இங்குள்ள ஓக் மரக் கிளைகளிலிருந்து சாம்பல் நிறத்தில் தாடிபோலத் தொங்கும் 'ஸ்பானிஷ் மாஸ்' அன்னாசிக் குடும்பத்தைச் சேர்ந்த செடி. வேரில்லாமல், மழையிலிருந்தும் காற்றிலிருந்தும் ஈரத்தை எடுத்து வாழ்கிறது. அமெரிக்கத் தெற்கு என்றதும் அஞ்சலட்டையில் அச்சாகும் படம் இதுதான்.

1940ஆம் ஆண்டு இதே நாளில், செயின்ட் கேத்தரின் தெருவில் இருந்த 'ரிதம் நைட் கிளப்' என்ற நடன அரங்கில் அந்தச் செடியை உலர்த்தி உத்தரம் முழுவதும் அலங்காரமாகத் தொங்கவிட்டிருந்தார்கள். பூச்சி வராமலிருக்க எண்ணெய் கலந்த மருந்தும் தெளித்திருந்தார்கள். சிகாகோவிலிருந்து வந்த வால்ட்டர் பார்ன்ஸின் இசைக்குழு வாசித்துக்கொண்டிருந்தபோது தீப்பற்றியது. காசு கொடுக்காமல் யாரும் ஏறி வரக்கூடாது என்று சன்னல்களைப் பலகை வைத்து அடைத்திருந்ததால் முன்வாசல் ஒன்றுதான் வழி. 209 பேர் இறந்தார்கள். பார்ன்ஸும் அவர்களில் ஒருவர். இறந்தவர்களில் பெரும்பாலோர் ஊரின் கறுப்பின மக்கள். ஒரே வீட்டில் பலரை இழந்த குடும்பங்களும் உண்டு.

அந்த இடத்தில் இப்போது சிறிய அருங்காட்சியகம் இருக்கிறது, ஆற்றங்கரைப் பூங்காவில் நினைவுக்கல்லும் இருக்கிறது. மிஸ் அம்மையார் ஒவ்வோர் ஆண்டும் இந்த நாளில் கல்லருகே போய்விட்டு வருவாராம். இன்று நானும் கூடப் போனேன். வழிநெடுக அவர் எதுவும் சொல்லவில்லை. கல்லில் இருக்கும் குடும்பப் பெயர்களில் சிலவற்றைக் காட்டி, இன்னார் பேரன் தபால்காரர், இன்னார் கொள்ளுப்பேத்தி பள்ளி ஆசிரியை என்று மட்டும் சொன்னார். பெருநகரத்தில் பல ஆண்டுகள் வாழ்ந்தும் ஒரு நினைவுக்கல்லிலிருந்து உயிரோடிருக்கும் தபால்காரர் வரை யாரும் எனக்கு வழிகாட்டியதில்லை.

ஜூன் 22, சனிக்கிழமை

வெயில் ஏறும்முன் லாங்வுட் பார்த்துவிட்டு வந்தோம். பருத்தி முதலாளியான ஹாலர் நட்டுக்காக, ஃபிலடெல்ஃபியாவைச் சேர்ந்த சாமுவேல் ஸ்லோன் வடிவமைத்த எண்கோண மாளிகை அது. உச்சியில் வெங்காய வடிவக் குவிமாடம். 1860இல் தொடங்கிய வேலை 1861இல் போர் மூண்டதும் நின்றது. வடக்கிலிருந்து வந்திருந்த கைவினைஞர்கள் கருவிகளைப் போட்டுவிட்டு ஊருக்குப் போய்விட்டார்கள். திட்டமிட்ட 32 அறைகளில் கீழ்த்தளத்து ஒன்பதுதான் முடிந்தன. 1864இல் நட் இறந்தார். குடும்பம் அந்த ஒன்பது அறைகளிலேயே வாழ்ந்தது. மேலே ஏறினால் பூசாத செங்கல், மரச்சட்டங்கள், சுவர்களில் வெறும் திறப்புகள். முடிக்கப்பட்ட மாளிகைகள் எதுவும் சொல்லாத ஒன்றை அந்த வெற்றுச் செங்கல் சொல்லிவிடுகிறது: பூச்சுக்கும் பட்டுத்திரைக்கும் அடியில் இருப்பது முழுக்க முழுக்க உழைப்பு, அதில் பெரும்பகுதி அடிமைகளாக வைக்கப்பட்டிருந்தவர்களுடையது.

அவர்கள் விற்கப்பட்ட இடம் ஊருக்குக் கிழக்கே, 'ஃபோர்க்ஸ் ஆஃப் த ரோட்' என்ற முச்சந்தி. தெற்கின் மிகப்பெரிய அடிமைச் சந்தைகளில் ஒன்றாக 1863 வரை நடந்தது. கட்டடம் ஏதும் மிச்சமில்லை: ஊரைப் பிடித்த வடக்குப் படையின் கறுப்பின வீரர்களே அந்தக் கொட்டடிகளைப் பிரித்து, பலகைகளைத் தங்கள் பாசறை கட்ட எடுத்துக்கொண்டார்கள். இப்போது புல்வெளி, சில விளக்கப் பலகைகள், சிமெண்டில் பதித்த கைகால் விலங்குச் சங்கிலிகள். 2021இல்தான் இது தேசிய வரலாற்றுப் பூங்காவில் சேர்ந்தது. மாளிகைகளுக்குச் சீட்டு வாங்கக் கூடுகிறவர்களில் கால்வாசிப்பேர்கூட இங்கே வந்து நிற்பதில்லை. என் மனக்குறை அது.

பிற்பகல் ஸ்டேட் தெருவில் இருக்கும் வில்லியம் ஜான்சன் வீட்டுக்குப் போனோம். நாட்குறிப்பு எழுதுகிறவன் என்ற முறையில் எனக்கு அவர்மேல் தனிப்பற்று உண்டு. 1809இல் அடிமையாகப் பிறந்து, 1820இல் விடுதலை பெற்று, ஊரில் முடிதிருத்தும் கடைகள் வைத்து, வட்டிக்குப் பணம் கொடுக்கும் அளவுக்கு உயர்ந்தவர். 1835 முதல் 1851 வரை குதிரைப் பந்தயம், கடன், சண்டை, வெள்ளம் என்று ஊர் நடப்பு முழுவதையும் எழுதி வைத்தார். அதே மனிதர் தாமும் அடிமைகளை வைத்திருந்தார். 1851இல் நில எல்லைத் தகராறில் சுட்டுக் கொல்லப்பட்டார். கொன்றவர் பேய்லர் வின் என்று சாகும்முன் அவரே சொன்னார். ஆனால் நேரில் பார்த்தவர்கள் கறுப்பினத்தவர். வின் தம்மை வெள்ளையர் என்று வாதாடினார். வெள்ளையருக்கு எதிராக அவர்கள் சாட்சி சொல்லச் சட்டம் இடம் தராததால் தண்டனை இல்லாமலே வெளியே வந்தார். ஜான்சனின் குறிப்பு நூலாக வர மேலும் நூறாண்டு ஆனது. இந்த ஊரை நல்லவர் கெட்டவர் என்று இரண்டு பக்கமாகப் பிரித்து எழுத நினைக்கிறவர்கள் முதலில் இந்தச் செங்கல் வீட்டுக்கு வரவேண்டும்.

ஆகஸ்ட் 24, சனிக்கிழமை

இதமான பகுதிகளையே எழுதிக்கொண்டிருந்தால் படிக்கிறவர்கள் ஏமாந்துபோவார்கள். 1960இல் கிட்டத்தட்ட 24,000 பேர் வாழ்ந்த நகரத்தில் 2020 கணக்கெடுப்பின்படி இருப்பவர்கள் 14,520 பேர். காகித ஆலை 2003இல் மூடப்பட்டது. டயர் ஆலையும் போய்விட்டது. படித்த பிள்ளைகள் ஹூஸ்டனுக்கோ அட்லாண்டாவுக்கோ போய்விடுகிறார்கள். என் சம்பளம் வேறு மாநிலத்திலிருந்து வருவதால்தான் இங்கே என்னால் நிம்மதியாக ஊரை ரசிக்க முடிகிறது. உள்ளூர் வேலையை நம்பியிருப்பவருக்கு இதே ஊர் வேறு முகத்தைக் காட்டும்.

மனைவிக்குக் கண்ணில் உறுத்தல் வந்து நிபுணரைப் பார்க்க அடுத்த மாநிலமான லூசியானாவின் பேட்டன் ரூஜ் நகரத்துக்குப் போக வேண்டியிருந்தது. துவரம்பருப்பும் புளியும் வாங்குவதும் அந்தப் பயணத்திலேயே முடிந்தது. இங்கே கிடைப்பதில் நாங்கள் ஒட்டிக்கொண்டது, சோளத்தோலில் சுற்றி வேகவைக்கும் 'தமாலே' என்ற காரமான மாவுப் பண்டம்தான்.

அக்டோபர் 26, சனிக்கிழமை

தெருமுனையில் 1890களைச் சேர்ந்த மரவீடு ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. வாங்கலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம். சன்னல் ஒன்றைத் தூக்கிப் பார்த்தேன். அசையவில்லை. பக்கச்சட்டத்தில் இருந்த சிறு பலகையைக் கழற்றினால், உள்ளே கயிறு அறுந்து வார்ப்பிரும்பு எடைக்குண்டு அடியில் கிடக்கிறது. புதுக் கயிறு கட்டிக் கப்பியில் ஏற்றினால் ஒரு விரலால் தூக்கலாம் என்கிறார் தச்சர். பிளாஸ்டிக் சன்னலாக மாற்றிவிடலாம் என்றால், வரலாற்றுப் பகுதி என்பதால் தெருவிலிருந்து தெரியும் எதையும் நகரப் பாதுகாப்புக் குழுவின் ஒப்புதல் இல்லாமல் மாற்ற முடியாது. எரிச்சலூட்டும் விதிதான், ஆனால் அது இல்லையென்றால் நான் இங்கே வந்திருக்கவே மாட்டேன்.

ஆற்றை நோக்கியிருக்கும் வீட்டைக் கேட்க வேண்டாம் என்று முதலிலேயே முடிவுசெய்துவிட்டோம். இந்த மேடு காற்று கொண்டுவந்து குவித்த வண்டல் மண். உலர்ந்திருக்கும்போது செங்குத்தாக நிற்கும், நீர் ஊறினால் பாளம் பாளமாகச் சரியும். தெருமுனை வீடு விளிம்பிலிருந்து தள்ளியே இருக்கிறது. மிச்சமிருக்கும் அச்சம் கரையான் மட்டுமே. திங்கட்கிழமை சோதனைக்காரர் வருகிறார். தரைக்கடியில் அவர் தவழ்ந்து போகும்போது நானும் கூட வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். மிஸ் அம்மையார் பழைய சட்டை போட்டுக்கொண்டு போகச் சொன்னார். அந்த வீட்டின் அடியில் பாம்பு உண்டு, ஆனால் கடிக்காது என்றும் சொன்னார்.