பாலிமனி கேட்டு வருகிறவர்களுக்கு

புதிதாகச் சேர்ந்த ஜூனியர், ஜீவனாம்ச மனு ஒன்றில் 'பாலிமனி' என்று எழுதிக்கொண்டு வந்தார். கல்யாணம் ஆகாமல் சேர்ந்து வாழ்ந்தவர் பிரிந்த பிறகு கேட்கும் ஜீவனாம்சத்துக்கு அமெரிக்கப் பெயர் அது. அந்தச் சொல்லை அடித்துவிட்டேன். எங்கள் குமாஸ்தா இதைப் பால் காசு விவகாரம் என்றே நினைத்திருந்தார்!

'பால்' என்றால் ஆங்கிலத்தில் தோழர். ஐரோப்பாவில் வாழும் ரோமானி என்ற இன மக்களின் பேச்சிலிருந்து போன சொல். அங்கே அதற்குச் சகோதரன் என்று பொருள். அதை 'அலிமனி', அதாவது ஜீவனாம்சத்தோடு ஒட்டியவர் மார்வின் மிட்செல்சன் என்ற ஹாலிவுட் விவாகரத்து வக்கீல் என்பார்கள். அவருடைய கட்சிக்காரர் மிஷேல் டிரையோலா, நடிகர் லீ மார்வினுடன் 1964 முதல் 1970 வரை தாலியோ மோதிரமோ இல்லாமல் குடும்பம் நடத்தியவர். பிரிந்த பிறகு கொஞ்ச நாள் பணம் வந்தது, அப்புறம் நின்றது. வழக்குப் போட்டார். கல்யாணம் ஆகாதவர்களும் தங்களுக்குள் செய்துகொண்ட ஒப்பந்தத்தை வைத்து வழக்காடலாம் என்று 1976இல் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் சொன்னது. ஊரே பேசியது. ஆனால் 1979 விசாரணையில் ஒப்பந்தம் எதுவும் நிரூபணமாகவில்லை. இருந்தாலும் வாரம் 1,000 டாலர் கணக்கில் இரண்டு வருடத்துக்கு 1,04,000 டாலர் கொடுக்கச் சொன்னார் நீதிபதி. 1981இல் மேல்முறையீட்டில் அதுவும் போயிற்று. அகராதிக்குச் சொல் கிடைத்தது, மிஷேலுக்குக் காசு கிடைக்கவில்லை.

இந்தக் கதை எங்கள் கோவைக்கும் வந்தது. இங்குள்ள குடும்பநல நீதிமன்றத்தில் தொடங்கிய ஒரு ஜீவனாம்ச வழக்கில், 2010இல் நம் உச்ச நீதிமன்றம் மிஷேல் வழக்கை எடுத்துச் சொல்லி, 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டத்தில் வரும் 'திருமணம் போன்ற உறவு' எது என்று விளக்கியது. ஊரார் கண்ணுக்குக் கணவன் மனைவியாக இருக்க வேண்டும், கணிசமான காலம் சேர்ந்து வாழ்ந்திருக்க வேண்டும். முக்கியமாக, இருவரும் வேறு கல்யாணம் ஆகாதவர்களாக இருக்க வேண்டும். லீ மார்வினுக்கு முதல் மனைவியிடமிருந்து விவாகரத்து கிடைத்ததே 1967இல்தான். மிஷேலின் முதல் இரண்டு வருடத்துக்கு மேற்பட்ட காலம் இந்தக் கணக்கில் சேராது!

என்னிடம் வரும் பெண்களும் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். ரேஷன் கார்டில் மனைவி என்று பெயர் இருக்கும், ஸ்டூடியோவில் எடுத்த ஜோடி போட்டோ இருக்கும். எதிர்த்தரப்பு முதல் கல்யாணப் பத்திரிகையை எடுத்து நீட்டும். அதனால் முதல் நாளே கேட்டுவிடுவேன்: "அவருக்கு ஏற்கெனவே கல்யாணம் ஆகியிருக்கா? குழந்தை இருக்கா?" குழந்தை இருந்தால் அதன் பேரில் தனியாக மனுப் போடலாம், பெற்றவர்களுக்குக் கல்யாணம் ஆகாவிட்டாலும் குழந்தைக்கு ஜீவனாம்சம் உண்டு.