ரேட்டிங் 100

“எப்பயும் போலத் தைக்கட்டுங்களா தம்பி, இல்ல நீங்க பார்க்கறதுக்குத் தைக்கற மாதிரி தைக்கட்டுங்களா?” என்று அந்த அக்கா கேட்டார். “எப்பயும் போலவே தையுங்க அக்கா, நான் நிக்கறதை நினைக்காதீங்க” என்றேன். பனியன் கம்பெனியில் அவர் தைக்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று ஸ்டாப் வாட்சால் அளக்கப் போயிருந்தேன்; பன்னிரண்டு ஆண்டுகள் ஆகிவிட்டன. வேலையை அளக்கப் போகிறவன் தொழிலாளியிடம் முதலில் சொல்ல வேண்டியது அதுதான் என்று எனக்குக் கற்றுக்கொடுத்திருந்தார்கள்; நானும் அதைத்தான் சொன்னேன். ஆனாலும் அந்தப் பதில் என்னை விடவில்லை.

வட்டக் கழுத்துப் பனியனுக்குக் கை ஏற்றும் வேலை. நாலு நூலில் ஓரம் சேர்த்துத் தைக்கும் ஓவர்லாக் மெஷின். மற்றவர்கள் தோள் தையலும் கையின் நடுவும் பொருந்துகிறதா என்று பார்க்க இரண்டு மூன்று இடங்களில் நிறுத்துவார்கள். அவர் துணியைக் கையில் எடுக்கும்போதே கட்டைவிரல் நகத்தால் நடுவில் ஒரு மடிப்புக் குறி போட்டுவிடுவார், அதற்குப் பிறகு மெஷின் நிற்காது. ஒரு சட்டை முடிந்ததும் நூலை வெட்டாமல் அடுத்ததை உள்ளே கொடுப்பார். பத்துப் பன்னிரண்டு சட்டைகள் பின்னால் மாலைபோலத் தொங்கிய பிறகு உதவிக்கு நிற்கும் ‘கைமடி’ப் பெண் வந்து அறுத்து அடுக்குவாள். இருபது சுற்றுகள் பார்த்தேன். இரண்டு கைகளும் ஏற்றச் சராசரியாக 27 விநாடிகள், அதாவது 0.45 நிமிடம்.

இதுவரை கடிகாரத்தின் வேலை. இதற்குப் பிறகு அளவெடுக்கும் அட்டையில் ஒரு கட்டம் இருக்கிறது, அதை அளப்பவன் நிரப்ப வேண்டும். தொழிலாளி சாதாரண வேகத்தில் செய்தாரா, அதைவிட வேகமாகவா, மெதுவாகவா என்பதை எண்ணாகப் போடுவதற்குத்தான் ரேட்டிங் என்று பெயர். 100 என்றால் பழகிய ஒருவர் நாள் முழுக்கத் தாங்கக்கூடிய வேகம். நடையில் அது மணிக்கு 4 மைல் என்று பயிற்சியில் சொல்வார்கள். தையலில் அப்படி ஊன்றிக்கொள்ள ஒன்றும் கிடையாது, பார்க்கிறவனின் கண்தான். அந்த அக்காவின் வேகம் 120க்குக் குறையாது என்று என் கண் சொன்னது. நான் 100 என்று எழுதினேன்.

அளந்த நேரத்தை ரேட்டிங் விழுக்காட்டால் பெருக்க வேண்டும். 120 போட்டிருந்தால் 0.54 நிமிடம், களைப்புக்கும் நூல் அறுவதற்கும் 15 விழுக்காடு சேர்த்து 0.62 வந்திருக்கும். 100 போட்டதால் 0.52 வந்தது. எண்பது விழுக்காடு திறன் என்று வைத்து டார்கெட் போட்டால், முதல் கணக்கில் மணிக்கு 77 பீஸ், இரண்டாவதில் 92. எட்டு மணி நேர ஷிப்டுக்கு 120 பீஸ் வித்தியாசம். அட்டையின் ஒரு கட்டத்துக்குள் நான் மாற்றிப் போட்ட ஒரே எண்ணிலிருந்து வந்த 120 அது.

என்னை யாரும் 100 எழுதச் சொல்லவில்லை. காலையில் மேனேஜர், “கை ஏத்தறது 0.52க்கு மேல போனா லைன் பேலன்ஸ் ஆகாதுப்பா” என்று, அதாவது அந்த இடத்தில் வேலை தேங்கி வரிசையே சீராக ஓடாது என்று, சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார், அவ்வளவுதான். அவரையும் குறை சொல்ல முடியாது. 2005 ஜனவரி 1 அன்று ஒவ்வொரு நாட்டிலிருந்தும் இவ்வளவு ஆடைதான் வாங்கலாம் என்று வரம்பு வைத்த கோட்டா முறை முற்றாக முடிவுக்கு வந்த பிறகு, எந்த நாட்டில் மலிவோ அங்கே வாங்குவது என்பது பையர்களுக்கு, அதாவது ஆர்டர் கொடுக்கும் வெளிநாட்டு நிறுவனங்களுக்கு, எளிதாகிவிட்டது. அப்போது ஐரோப்பாவுக்குள் வங்கதேசத்துப் பனியன் வரியில்லாமல் நுழைந்தது, நம் பனியனுக்கு 9.6 விழுக்காடு வரி இருந்தது. அந்த 9.6ஐ எங்காவது ஈடுகட்ட வேண்டியிருந்தது. நூல் விலை நம் கையில் இல்லை, சாயக் கூலியும் இல்லை. மிச்சம் இருப்பது தையல் நிமிடம் ஒன்றுதான். ஆர்டர் போனால் அந்த அக்காவுக்கும் சேர்த்துத்தானே வேலை இல்லாமல் போகும் என்று அப்போது நினைத்தேன். பல ஆண்டுகள் இதைத்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டும் வந்தேன்.

ஆனால் இந்தக் காரணம் நிற்காது. நான் அட்டையும் ஸ்டாப் வாட்சுமாகப் போய் நின்றபோது அந்த ஆர்டரின் விலை பேசி முடிந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. நான் 0.62 எழுதியிருந்தாலும் பையர் ஒரு சென்ட் கூட்டியிருக்க மாட்டார், ஆர்டரும் போயிருக்காது. முடிந்துபோன விலைக்குப் பொருந்துகிற நிமிடத்தைக் கண்டுபிடிக்கத்தான் என்னை அனுப்பினார்கள். நானும் கண்டுபிடித்துக் கொடுத்தேன்.

எங்கள் ஊரில் டெய்லர் என்றால் தைப்பவர். கல்லூரியில் நான் படித்த டெய்லர் வேறு, பிரெடரிக் வின்ஸ்லோ டெய்லர். அமெரிக்காவின் பெத்லஹேம் எஃகு ஆலையில் நாளுக்குப் பன்னிரண்டரை டன் வார்ப்பிரும்பு ஏற்றிக்கொண்டிருந்த ஆளை நாற்பத்தேழரை டன் ஏற்ற வைத்தேன், கூலியை 1.15 டாலரிலிருந்து 1.85 ஆக்கினேன் என்று 1911இல் எழுதியவர். ஷ்மிட் என்று அவர் பெயர் வைத்த அந்தத் தொழிலாளியின் உண்மைப் பெயர் ஹென்றி நோல். அந்த டன் கணக்கு எப்படி வந்தது என்பதைப் பின்னாளில் ஆய்வாளர்கள் தோண்டி எடுத்தார்கள். பத்துப் பலசாலிகளைச் சிறிது நேரம் முழு வேகத்தில் ஏற்றச் சொல்லிப் பார்த்து, அதை நாள் முழுமைக்கும் பெருக்கி, ஓய்வுக்கென்று 40 விழுக்காடு கழித்திருக்கிறார்கள். அந்த 40க்கு எந்த அளவீடும் இல்லை. இதைப் படித்த அன்று, என்னவோ எனக்கு ஆறுதலாக இருந்தது. அறிவியல் மேலாண்மை பிறந்த இடத்திலேயே யாரோ ஒருவர் ஒரு கட்டத்தை மனம்போல நிரப்பியிருக்கிறார். அந்த ஆறுதல் எனக்கு ஏன் வந்தது என்று யோசித்தால் கொஞ்சம் வெட்கமாகவும் இருக்கிறது.

டார்கெட் 92 என்று போர்டில் ஏறியது. அந்த அக்காவுக்கு அதனால் நட்டமில்லை. 92க்கு மேல் தைக்கிற ஒவ்வொரு பீஸுக்கும் சில காசுகள் ஊக்கத்தொகை உண்டு. அவர் சாதாரணமாகவே 105, 110 தொடுவார். அடி விழுந்தது பக்கத்து மெஷினில் அதே வேலை செய்த பெண்ணுக்கு. அவளுக்கு 75, கூடிப்போனால் 78. மணிக்கொரு தடவை சூப்பர்வைசர் வந்து நின்றார். இரண்டாவது வாரம் போர்டைப் பார்த்தேன்: அக்காவின் வரிசையில் 92, 92, 92, 92. காலை ஒன்பதிலிருந்து மாலைவரை ஒரு பீஸ்கூட அதிகமில்லை. மீதி நேரத்தில் பக்கத்து மெஷினின் பண்டலை எடுத்து அவளுக்காகத் தைத்துக்கொடுக்கிறார் என்று பிறகு தெரிந்தது. ஊக்கத்தொகை இரண்டு பேருக்குமே இல்லை.

ஒருநாள் டீ இடைவேளையில் அவரிடம் போய், அப்படிச் செய்தால் உங்களுக்குத்தானே நட்டம் என்றேன். அவர் கோபப்படவில்லை. “நீங்கதானே தம்பி எப்பயும் போலத் தைக்கச் சொன்னீங்க” என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று நான் கேட்கவில்லை. எப்போதுமே அவர் பக்கத்தில் இருப்பவளுக்குச் சேர்த்துத்தான் தைத்துவந்தாரா, அளவெடுத்த அன்று நான் அதைப் பார்க்கத் தவறினேனா? அல்லது உண்மையாகத் தைத்ததற்கு இதுதான் பலன் என்றாரா? சில நாள் முதலாவது என்று தோன்றும், சில நாள் இரண்டாவது.

‘பார்க்கறதுக்குத் தைக்கற மாதிரி’ தையுங்க என்று நான் சொல்லியிருக்க வேண்டுமோ என்பதுதான் கேள்வி. சொல்லியிருந்தால் நான் என் வேலைக்கு உண்மையாக இருந்திருக்க மாட்டேன். ஆனால் சரியாக அளந்துவிட்டுத் தவறாக எழுதியவன், வேலைக்கு உண்மையாக இருந்ததாகச் சொல்லிக்கொள்வதும் வேடிக்கைதான். இப்போது பல கம்பெனிகளில் ஸ்டாப் வாட்ச் இல்லை. ஒவ்வொரு கை அசைவுக்கும் முன்பே குறித்த நேரம் மென்பொருளில் இருக்கிறது, அதன் அலகு 0.036 விநாடி. ரேட்டிங் போட யாரும் தேவையில்லை. இது நல்லதா என்று இளைஞர்கள் கேட்டால் நல்லது என்றுதான் சொல்கிறேன். சொல்லும்போதே, தோற்றுப்போனது என் கண்ணா, கையா என்ற சந்தேகமும் வருகிறது.

ஆறு மாதம் கழித்து அந்த அக்காவைப் பேட்லாக் (ஃபிளாட்லாக்) மெஷினில் சட்டையின் அடி மடித்துத் தைக்கப் போட்டிருந்தார்கள். மறுபடி அட்டையோடு போய் நின்றேன். இந்த முறை அவர் எதுவும் கேட்கவில்லை, நானும் எதுவும் சொல்லவில்லை. ஒவ்வொரு சட்டைக்கும் நூலை நிதானமாக வெட்டினார், துணியைத் திருப்பிப் பார்த்தார், இரண்டு தடவை ஊசிக்குக் கீழே இல்லாத எண்ணெயைத் துடைத்தார். என் கண்ணுக்கு 80. அட்டையில் 90 என்று எழுதினேன். 100 எழுதத் துணியவில்லை.