வல்லத்தில் பழகிய வயிறும் கப்பல் வகுப்பும்

கப்பலிலேயே ஒரு செமஸ்டர் படிக்கலாம் என்று பாம்பன், மண்டபம், தொண்டிப் பக்கத்துப் பிள்ளைகளிடம் சொன்னால் உடனே வரும் பதில், "கடல் எங்களுக்கு என்ன புதுசா?" கடல் புதுசில்லைதான். கடல்மேல் உட்கார்ந்து பாடம் படிப்பதுதான் புதுசு.

இந்த வகைப் படிப்பில் பெயர் பெற்றது அமெரிக்காவின் செமஸ்டர் அட் சீ. 1963ல் தொடங்கியது. 2015 முதல் அதற்கு ஓடுவது வேர்ல்டு ஒடிசி, 175 மீட்டர் நீளக் கப்பல். சுமார் நூறு நாள் பயணம். ராமேஸ்வரத்துக் கரையில் நின்று அதைப் பார்க்க முடியாது. சேதுத் திட்டுகளைத் தாண்ட ஆழம் போதாமல் பெரிய கப்பலெல்லாம் இலங்கையைச் சுற்றித்தான் போகும்.

முதல் தொல்லை குமட்டல். மீன்பிடி வல்லத்தில் வாந்தி வராதவனுக்கும் கப்பல் வகுப்பில் வரும். படகில் கண் அடிவானத்தில் இருக்கும், முகத்தில் காற்றடிக்கும், கை வலையில் இருக்கும். உடம்பு ஆடுவதைக் கண்ணும் பார்ப்பதால் மூளை குழம்புவதில்லை. கப்பல் வகுப்பில் ஏசி ஓடும், கண் லேப்டாப்பில் நிலைகுத்தியிருக்கும். உள்காது ஆடுகிறது என்கிறது, கண் இல்லை என்கிறது, வயிறு மாட்டிக்கொள்கிறது. நிமிடத்துக்குச் சுமார் 12 தடவை மேலும் கீழும் தூக்கிப்போடும் ஆட்டம்தான் மிக மோசம்.

அறையைத் தேர்ந்தெடுக்க விட்டால் கீழ்த்தளத்தில், கப்பலின் நடுப்பகுதியில் கேளுங்கள். மேல்தளத்து ஜன்னல் அறை அழகுதான், ஆனால் அங்கேயும், அணியம் என்கிற முன்பக்கத்திலும், பின்பக்கத்திலும் ஆட்டம் கூடுதல். அவோமின் போன்ற மாத்திரையைக் கப்பல் ஆடத் தொடங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும். வாந்தி வந்தபிறகு விழுங்கினால் அது உள்ளே தங்காது. அந்த மாத்திரை தூக்கத்தையும் கொண்டுவரும். அதனால் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு, ஊரிலேயே ஒரு விடுமுறை நாளில் போட்டு, எவ்வளவு நேரம் சொக்குகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். வெறும் வயிற்றோடு வகுப்புக்குப் போகாதீர்கள். ரஸ்க்கோ உப்பு பிஸ்கட்டோ போதும். பெரும்பாலோருக்கு இரண்டு மூன்று நாளில் பழகிவிடும். துறைமுகத்தில் நாலைந்து நாள் நின்றுவிட்டுக் கிளம்பினால் திரும்பவும் லேசாகத் தொடங்கும், பயப்பட வேண்டாம். கடல் அமைதியான நாளில் வாசிப்பை முன்கூட்டியே முடித்துவிட்டால், ஆட்டமுள்ள நாளில் காதால் கேட்டு மட்டும் சமாளிக்கலாம்.

வகுப்பு கடலில் மட்டும்தான். பாதிப் பாடம் ஏ நாளில், மீதி பி நாளில் என்று மாறி மாறி வரும், ஞாயிறு கணக்கில்லை. எட்டு நாள் தொடர்ந்து கடல் என்றால் ஒவ்வொரு பாடத்திலும் நாலு வகுப்பு ஓடிப்போயிருக்கும். ஊர்க் கல்லூரியில் பரீட்சைக்கு முந்தின வாரம் புத்தகத்தைத் திறக்கும் பழக்கம் இங்கே எடுபடாது. ஒவ்வொரு பாடத்துக்கும் ஏதாவது ஒரு துறைமுகத்தில் ஒரு நாள் களவகுப்பு, அதாவது வெளியே போய் நேரில் பார்த்துப் படிக்கும் வகுப்பு, உண்டு. அதைத் தவறவிட்டால் திரும்ப வைக்க வழியில்லை, கப்பல் அடுத்த நாட்டுக்குப் போயிருக்கும். இணையம் மெதுவாகவும் அளவோடும்தான் கிடைக்கும்; பாடநூல், அகராதி எல்லாவற்றையும் ஊரிலேயே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கடிகாரம் இன்னொரு சோதனை. 15 பாகை தீர்க்கரேகைக்கு ஒரு மணி நேரம். நிலநடுக்கோட்டருகே அது 900 கடல் மைல். 17 நாட், அதாவது மணிக்கு 17 கடல் மைல் வேகத்தில் ஒரு நாளைக்கு 408 கடல் மைல் ஓடும். ஆக, நேர் கிழக்கே போனால் சுமார் இரண்டு நாளைக்கு ஒரு முறை ஒரு மணி நேரத் தூக்கம் பறிபோகும். மேற்கே போனால் அதே ஒரு மணி நேரம் கூடுதலாகக் கிடைக்கும். இரண்டு வழியும் இருந்தால் மேற்குப் பயணத்தைத்தான் எடுக்கச் சொல்வேன்.

பெட்டியில் ஹீட்டர் காயிலோ இஸ்திரிப்பெட்டியோ வேண்டாம். தீ பயத்தால் எடுத்து வைத்துவிடுவார்கள். கருவாடு? ஏசி குழாய் வழியாகத் தளம் முழுக்க நாறும், விட்டுவிடுங்கள். கப்பல் மணி ஏழு சிறிதும் ஒன்று நீளமுமாக ஒலித்தால் அது அவசர அழைப்பு. பயிற்சி என்று தெரிந்தாலும் லைஃப் ஜாக்கெட்டோடு ஓட வேண்டும்.

பலரும் கோட்டை விடுவது காகிதத்தில்தான். அமெரிக்க மாணவர்கள் விசா இல்லாமல் இறங்கும் பல நாடுகளுக்கு நமக்கு விசா வேண்டும். கப்பலில் ஏறியபிறகு விண்ணப்பிக்க முடியாது. மதுரை அலுவலகத்தில் பாஸ்போர்ட் எடுக்கும்போதே 36 பக்கம் வேண்டாம், 60 பக்கம் கேளுங்கள். ஐரோப்பாவில் ஒரு துறைமுகம், பிறகு மொராக்கோ, மறுபடி ஐரோப்பா என்று பாதை இருந்தால் ஒரு முறை நுழையும் ஷெங்கன் விசா (ஐரோப்பாவின் பல நாடுகளுக்குப் பொதுவானது) பயன்படாது. பலமுறை நுழைவு கேட்க வேண்டும். கானா போன்ற நாடுகளுக்கு மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று வேண்டும், ஊசி போட்ட 10 நாள் கழித்துத்தான் அது செல்லும். சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். அந்த நாடுகளிலிருந்து சான்றில்லாமல் இந்தியா திரும்பினால் 6 நாள் வரை தனிமைப்படுத்துவார்கள்.

துறைமுகத்தில் இறங்கும்போது, அங்கே கப்பலின் காரியங்களைக் கவனிக்கும் முகவரின் தொலைபேசி எண்ணைக் காகிதத்தில் எழுதிச் சட்டைப்பையில் வையுங்கள். ஏறும் கெடுவுக்குத் தாமதமானால் அடுத்த துறைமுகத்தில் சில மணி நேரம் இறங்க விடமாட்டார்கள். கப்பலையே விட்டுவிட்டால் சொந்தச் செலவில் அடுத்த துறைமுகம் போய்ச் சேர வேண்டும். கையில் உள்ள விசா அந்த வழிக்குச் செல்லுமா என்பதை முகவரிடம் கேட்டுவிட்டு டிக்கெட் எடுங்கள்.