களைப்பும் சலிப்பும்

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலப்பக்கம் செயலிழந்த பிறகு, அவரைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு என்னிடம் வந்தது. படுக்கைப் புண் வந்துவிடாமல் இருக்க இரவில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவரைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். காலையில் உடம்பைத் துடைத்து, உணவூட்டி, பிசியோதெரபிப் பயிற்சிகளைச் செய்யவைத்துவிட்டு என் வேலைக்கு உட்கார வேண்டும். முதல் மூன்று மாதங்கள் எப்படியோ ஓடின. நான்காம் மாதத்தில் ஒருநாள், அலாரம் அடித்து ஓய்ந்த பின்னும் கட்டிலின் விளிம்பில் அரை மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். அழுகை வரவில்லை, கோபமும் வரவில்லை. அடுத்த அறையில் அப்பா காத்திருக்கிறார் என்று தெரிந்தும் கால்கள் எழ மறுத்தன.

அந்த வாரம் முழுவதும் எனக்கு ஊக்கம் போதவில்லை என்றே நம்பினேன். இரவில் கைப்பேசியில் தன்னம்பிக்கைப் பேச்சுகளைத் தேடிக் கேட்டேன். ஒவ்வொன்றும் கால் மணி நேரம் என்னைச் சூடேற்றிவிட்டு அணைந்தது. அதைக் கேட்பதற்காக நான் செலவிட்ட நேரமோ, இருந்த கொஞ்சநஞ்ச உறக்கத்திலிருந்து எடுத்தது. உறக்கமின்றித் தளர்ந்தவரிடம் ‘இன்னும் முயற்சி செய்’ என்று சொல்வது உதவியாகாது என்று இப்போது உறுதியாக நினைக்கிறேன். அந்தச் சொல் என்னைக் குற்றவாளியாக உணரவைத்ததைத் தவிர வேறெதையும் செய்யவில்லை.

நம் மொழியில் இந்த நிலைக்குப் பல சொற்கள் இருக்கின்றன. உழைத்த உடம்பு ஓய்வு கேட்பது களைப்பு. ஒரே செயலை ஓயாமல் செய்ததில் மனம் அதிலிருந்து விலகிக்கொள்வது சலிப்பு. இரண்டும் சேர்ந்து ஆளையே கீழே தள்ளுவது சோர்வு. இவற்றில் எது என்னைப் பிடித்திருக்கிறது என்று பார்க்காமல், எல்லாவற்றுக்கும் ‘சோம்பல்’ என்று பெயரிட்டு என்னை நானே திட்டிக்கொண்டிருந்தேன்.

களைப்புக்கு உடலில் தெளிவான காரணம் உண்டு. விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்னும் பொருள் சேர்ந்துகொண்டே போகிறது. உறங்கும்போதுதான் அது குறைகிறது. காப்பியில் உள்ள காஃபீன் அந்த அடினோசின் வேலை செய்யும் இடத்தை மறித்து நிற்குமே தவிர, சேர்ந்ததை அகற்றுவதில்லை. தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன், இரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் இருப்பவரின் நிலைக்கு இறங்கிவிடுவதை 1997-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. மனத்தின் உழைப்பும் தசையைத் தளர்த்தும். இத்தாலிய உடலியலாளர் ஏஞ்சலோ மோஸ்ஸோ, விரலால் எடையை இழுக்கவைத்துத் தசையின் வலிமையை அளக்கும் கருவி ஒன்றை அமைத்தார். நீண்ட நேரம் வாய்மொழித் தேர்வு நடத்திய பேராசிரியரின் விரல், ஒரு சுமையும் தூக்காமலே வலுவிழந்திருந்ததை அவர் 1891-இல் வெளியிட்ட நூலில் எழுதியிருக்கிறார். இதைப் படித்தபோது, அன்று எழ மறுத்த என் கால்களை முதன்முறையாக மன்னித்தேன்.

மருத்துவர் இரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்தார். இரும்புச்சத்து மிகக் குறைந்திருந்தது. இரத்தசோகை, தைராய்டுக் குறைபாடு, சர்க்கரை நோய், உறக்கத்தில் மூச்சுத் தடைபடுவது ஆகிய ஒவ்வொன்றும் நீங்காத களைப்பைத் தரக்கூடியவை என்பதால், பல வாரங்களாகத் தளர்ந்திருப்பவர்கள் தம் மனவலிமையைச் சந்தேகிப்பதற்கு முன் இந்தப் பரிசோதனைகளைச் செய்துகொள்வது நல்லது. எதிலும் நாட்டமில்லாத நிலை இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தாலும், வாழவே வேண்டாம் என்ற எண்ணம் எட்டிப் பார்த்தாலும், அன்றே யாரிடமாவது சொல்லுங்கள், மருத்துவரைப் பாருங்கள்.

எனக்கு மாத்திரையைவிடக் கடினமாக இருந்தது, அண்ணனிடம் பேசியதுதான். ‘அண்ணா, என்னால் முடியவில்லை’ என்ற மூன்று சொற்களைச் சொல்ல எனக்கு இரண்டு மாதங்கள் பிடித்தன. அவர் எதுவும் கேட்காமல் வாரத்தில் மூன்று இரவுகளை ஏற்றுக்கொண்டார். அந்த மூன்று இரவுகளில் ஏழு மணி நேரம் தொடர்ந்து உறங்கினேன்.

உறக்கம் திரும்பிய பிறகும் ஒன்று மட்டும் மாறாமல் இருந்தது. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் பணிச்சோர்வுக்குத் தந்த விளக்கத்தில் மூன்று அடையாளங்கள் உள்ளன: ஆற்றல் வற்றிப்போதல், வேலையிலிருந்து மனம் விலகுதல், செய்வதில் பயனில்லை என்ற உணர்வு. அது பணியிடத்துக்கு மட்டுமே உரிய விளக்கம் என்றாலும், இரண்டாவது அடையாளத்தைப் படித்தவுடன் என் கைகள் நினைவுக்கு வந்தன. அப்பாவை நான் ஒரு பொருளைப் போலப் புரட்டிக்கொண்டிருந்தேன். முகத்தைப் பார்க்காமல் உணவூட்டினேன். இடப்பக்க மூளை பாதிக்கப்பட்டதால் அவருக்குப் பேச்சும் குழறியிருந்தது. ஒரு சொல்லுக்காக அவர் போராடும்போது, அதை முடிக்கவிடாமல் நானே ஊகித்துச் சொல்லிவிட்டு நகர்ந்தேன். அவரிடம் எனக்கிருந்த அன்பில் எந்தக் குறைவும் இல்லை என்று அப்போதும் நம்பினேன். அந்த அன்பு என் கைகளை எட்டவில்லை.

இந்தச் சலிப்புக்கு ஓய்வு மருந்தாகவில்லை. மனச்சோர்வுக்கான சிகிச்சைகளில் ஒன்று, விருப்பம் வரும்வரை காத்திராமல் சிறு செயல்களை முதலில் தொடங்கச் சொல்கிறது. 1970-களில் உளவியலாளர் பீட்டர் லெவின்சன் முதலானோர் வளர்த்த அந்த முறை இன்றும் வழக்கத்தில் உள்ளது. செயலிலிருந்து கிடைக்கும் சிறு நிறைவே அடுத்த செயலுக்கான விருப்பத்தை உண்டாக்குகிறது என்பது அதன் அடிப்படை. நான் இதை என் காலைக்குத் தக்கபடி சுருக்கிக்கொண்டேன். எழுந்தவுடன் ஒரு பாத்திரத்தில் வெந்நீர் எடுத்து அப்பாவின் வலக் கையை அதில் வைப்பேன். அதற்கு மேல் எதையும் எனக்கு நானே வாக்களிப்பதில்லை. பெரும்பாலான நாட்களில் கை நனைந்ததும் விரல் பயிற்சி தொடர்ந்தது. சில நாட்களில் வெந்நீரோடு நின்றுவிட்டது. அந்த நாட்களையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளப் பழகியதுதான் எனக்குப் பெரிய மாற்றமாக இருந்தது, ஏனென்றால் நான்கு முறை செய்ய வேண்டிய பயிற்சியை ஒருமுறை செய்த நாளை ‘தவறிய நாள்’ என்று எழுதிய வரையில் மறுநாள் தொடங்கவே மனம் வரவில்லை.

ஒரு நோட்டுப் புத்தகத்தில், கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே அவரால் எவ்வளவு விரிக்க முடிகிறது என்பதை ஞாயிறுதோறும் அளந்து குறித்தேன். தினமும் பார்க்கும் கண்ணுக்கு எட்டாத மாற்றம் அந்த எண்களில் தெரிந்தது. ஏழு வாரங்களில் ஒரு சென்டிமீட்டர் கூடியிருந்தது.

சென்ற மாதம் ஒரு காலையில், வெந்நீரை வைத்துவிட்டு நான் வழக்கம்போல அவசரமாக நகர முயன்றபோது, அப்பா இடக் கையால் கட்டிலைத் தட்டினார். என்ன வேண்டும் என்று கேட்க வாயெடுத்தவன், ஊகித்துச் சொல்லாமல் காத்திருந்தேன். வெகு நேரம் முயன்று, ‘உட்... காரு’ என்றார். உட்கார்ந்தேன். இருவரும் ஒன்றும் பேசவில்லை. நீர் ஆறிவிட்டதைக் கவனித்து, மறுபடி சூடாக்கி எடுத்துவர எழுந்தேன்.